கிட் வாங்குவதற்கு முன், கழற்றியதை மாட்டுங்கள்

கேள்வி: என்னுடையது 2011ஆம் ஆண்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் கார். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துவந்தது, ஓராண்டாக 13ஐத் தாண்டவில்லை. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் தரும் கிட்டைப் பொருத்தினால் 30 சதவீதம் மிச்சமாகும் என்கிறார் பழக்கமான மெக்கானிக். 12,000 ரூபாய் கேட்கிறார். போன கோடையில் எஞ்சின் சூடேறியபோது, தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டு, ஃபேனை ‘டைரக்ட்’ செய்து சரியாக்கியவரும் அவர்தான். நம்பிச் செய்யலாமா?
- திருப்பூர் வாசகர்

பதில்: வேண்டாம். ஆனால் உங்கள் கேள்விக்கான உண்மையான விடை, கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன செய்தியில் இருக்கிறது. முதலில் கிட்டை முடித்துவிடுவோம்.

தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அதை மறுபடி பிரிக்க, எரியும்போது கிடைப்பதைவிட அதிக ஆற்றல் செலவாகும். ஆறு அறைகள் கொண்ட கருவி 20 ஆம்பியர் இழுத்தால், ஒரு மணி நேரத்தில் வருவது சுமார் நாலரை கிராம் ஹைட்ரஜன். வெப்பக் கணக்கில் அது 17 மில்லி பெட்ரோலுக்குச் சமம். அந்த மின்சாரத்தைத் தருவது ஆல்டர்னேட்டர், அதைச் சுற்றுவது எஞ்சின். இரண்டிலும் ஆகும் இழப்பைச் சேர்த்தால் அதற்கு ஏறக்குறைய 200 மில்லி பெட்ரோல் எரிகிறது. 200 கொடுத்து 17 வாங்கும் வியாபாரம்!

‘வாயுவால் பெட்ரோல் முழுமையாக எரியும்’ என்று அடுத்து சொல்வார்கள். ஒழுங்காக ஓடும் எஞ்சினில் எரியாமல் வீணாவது ஐந்து சதவீதத்துக்குள்தான், அதிலிருந்து 30 சதவீதத்தை எப்படி எடுப்பது? சில கிட்களில், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரை ஏமாற்றும் சிறு சர்க்யூட்டும் சேர்ந்து வரும். கலவையில் பெட்ரோலைக் குறைப்பது அதன் வேலை. நைட்ரஜன் ஆக்சைடு புகை கூடும், பளு ஏறும்போது வெப்பமும் ஏறும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இப்போது அந்த வால்வு. எஞ்சின் 80 டிகிரியைத் தாண்டும்வரை, அதைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பதே அதன் வேலை. கழற்றிவிட்டால் கூலண்ட் எந்நேரமும் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். டைரக்ட் செய்த, அதாவது எந்நேரமும் ஓடும்படி நேரடியாக இணைத்த ஃபேனும் விடாமல் காற்று வீசி மின்சாரத்தைத் தின்கிறது. நெடுஞ்சாலையில் எஞ்சின் 60, 65 டிகிரியிலேயே கிடக்கும். ‘வண்டி இன்னும் சூடாகவில்லை’ என்று எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், ஆயிலும் கெட்டியாகவே இருக்கும். சூடேறவே இல்லை என்று மகிழ்கிறீர்கள். அதுதான் நோய்!

அந்தக் கணினியின் தகவலைப் படிக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, போனில் கூலண்ட் வெப்பநிலையைப் பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு 85 முதல் 95 வரை நிற்க வேண்டும். 70க்குக் கீழே நின்றால், உங்கள் காருக்கு உரிய புது வால்வை வாங்கி மாட்டச் சொல்லுங்கள், ஃபேனையும் பழைய இணைப்புக்கே மாற்றச் சொல்லுங்கள். கிட் விலையில் ஒரு சிறு பகுதிதான் ஆகும்.

மூன்று கிலோமீட்டர் குறைவுக்கும் வால்வே காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இருபது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் காற்றையும் பாருங்கள். மைலேஜை மீட்டர் காட்டுவதை வைத்து முடிவு செய்யாமல், ஒரே பங்க்கில், பம்ப் தானாக நிற்கும் கட்-ஆஃப் வரை, தொடர்ந்து மூன்று முறை நிரப்பிக் கணக்கிடுங்கள்.

வால்வை மாட்டிய பின் மறுபடி சூடேறினால் பயந்து மீண்டும் கழற்றிவிடாதீர்கள். போன கோடையில் பார்த்திருக்க வேண்டிய கோளாறு அப்போதுதான் வெளியே வருகிறது. பெரும்பாலும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்பு அடைத்த ரேடியேட்டராக இருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, கூலண்ட் ஊற்றச் சொல்லுங்கள்.