படிப்பில் பிடிப்பு விட்டுப்போச்சா? கேள்வி பதில்

கேள்வி: பத்தாவதில் நான்தான் வகுப்பில் முதல். பதினொன்றில் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே மனசு வரவில்லை. மூட் வந்ததும் படிக்கலாம் என்றே மூன்று மாதம் ஓடிவிட்டது.

பதில்: மூட் பெரும்பாலும் உட்கார்ந்த பிறகுதான் வரும். ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். "கணக்கு பிடிக்கலை" என்பவர்களைக் கொஞ்சம் துருவிக் கேட்டால், எங்கோ ஒரு பாடத்தில் பிடி நழுவியிருக்கும். முக்கோணவியல் அரைகுறை என்றால் நுண்கணிதம் தலைக்கு மேல் போகும். அதில் யாருக்கு ஆசை வரும்? தெரியாத ஒரு கணக்கை எடுத்து வரிவரியாக எழுதிக்கொண்டே வாருங்கள். 'இது எப்படி வந்தது?' என்று பேனா நிற்கிற இடத்தில் வட்டம் போடுங்கள். அது போன வருடப் பாடமாக இருந்தால், கூச்சப்படாமல் அந்தப் புத்தகத்தையே எடுங்கள். பத்து நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிடலாம். (பெரும்பாலும் மூட மாட்டீர்கள்.)

கேள்வி: தொண்ணூறு வாங்கினால் போன் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். சரிதானே மேடம்?

பதில்: சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள், அடுத்த தடவை வேண்டாம். 1971-இல் உளவியலாளர் எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களிடம் புதிர்க்கட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார். புதிருக்கு இவ்வளவு என்று காசு வாங்கியவர்கள், காசு நின்றதும் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். துளியும் ஆர்வமில்லாத வேலைக்குச் சின்னப் பரிசு தப்பில்லை. மற்றபடி, எதை எப்போது படிப்பது என்பதை மகனே முடிவு செய்யட்டும்.

கேள்வி: நாலு தடவை வாசித்தும் பரீட்சையில் மறந்துவிடுகிறது. வெறுத்துப்போச்சு.

பதில்: ஐந்தாவது தடவை வாசிக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பாருங்கள். உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, எழுதிப் பார்த்தவர்கள்.

கேள்வி: இரவு ஒரு மணிக்குத்தான் தூக்கம் வருகிறது. வகுப்பில் சொக்குகிறது. சோம்பேறி ஆகிவிட்டேனா?

பதில்: இல்லை. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்தள்ளிப் போகும். உங்கள் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள்.

கேள்வி: என் தோழிக்குப் படிப்பு மட்டுமில்லை, உயிராக இருந்த ஓவியமும் பிடிக்கவில்லையாம். சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

பதில்: மேலே சொன்ன எதையும் அவளிடம் சொல்லாதீர்கள். பிடித்தவையும் இரண்டு வாரத்துக்கு மேல் கசந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவர் பார்க்க வேண்டும். நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் இன்றே சொல்லுங்கள். 'இருந்து என்ன பயன்' என்கிற மாதிரிப் பேசினால் தனியே விடாதீர்கள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லிவிடுங்கள்.