பதவி உயர்வைச் சேர்த்ததும் பயிற்சி எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

பணியிடப் பயிற்சி ஊதியத்தை உயர்த்துகிறதா என்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. பயிற்சிக்கான ஆட்களைக் குலுக்கலில்தான் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சியை மட்டும் வைத்து ரிக்ரெஷன் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து மதிப்பிடும் முறை) செய்தால் நல்ல விளைவு தெரிகிறது. பதவி உயர்வையும் கட்டுப்பாட்டு மாறியாக, அதாவது அதில் ஒரே நிலையில் உள்ளவர்களை ஒப்பிடும் வகையில், சேர்த்ததும் ஆர் ஸ்கொயர் (ஊதிய வேறுபாட்டில் மாடல் விளக்கும் பங்கு) மளமளவென்று ஏறுகிறது, பயிற்சியின் கெழு (பயிற்சிக்கு மாடல் தரும் ஊதிய வித்தியாசம்) பூஜ்யத்தை ஒட்டிப் போய்விடுகிறது. இருக்கிற மாறிகளையெல்லாம் சேர்த்துவிடச் சொல்கிறார் என் நெறியாளர். எந்த மாடலை நம்புவது?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் முதல் மாடலை நம்புங்கள். நெறியாளரிடமும் தயங்காமல் சொல்லுங்கள். ஏன் என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டுகிறேன்.

பயிற்சி பெற்றவர்கள் 100 பேர், பெறாதவர்கள் 100 பேர். முதல் குழுவில் 60 பேருக்கும் இரண்டாம் குழுவில் 30 பேருக்கும் பதவி உயர்வு கிடைக்கிறது. உயர்வு பெற்றவரின் ஊதியம் 50, பெறாதவருடையது 30 என்று வையுங்கள். முதல் குழுவின் சராசரி 42, இரண்டாம் குழுவின் சராசரி 36. பயிற்சியின் பலன் 6. இந்த மாடலின் ஆர் ஸ்கொயர் வெறும் 0.09. இப்போது பதவி உயர்வைச் சேர்த்துப் பாருங்கள். உயர்வு பெற்றவர்களுக்குள் இரு குழுவுக்கும் 50, பெறாதவர்களுக்குள் இரு குழுவுக்கும் 30. பயிற்சியின் கெழு 0, ஆர் ஸ்கொயர் 1! பயிற்சி பதவி உயர்வின் வழியாகத்தான் ஊதியத்தை உயர்த்தியது. அந்த வழியை அடைத்துவிட்டுப் பலன் எங்கே என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இது பாதிக் கதைதான். பதவி உயர்வுக்குத் திறமையும் ஒரு காரணம். பயிற்சியே இல்லாமல் உயர்வு பெற்றவர் பெரும்பாலும் இயல்பிலேயே கெட்டிக்காரராக இருப்பார். உயர்வு பெற்றவர்களுக்குள் மட்டும் ஒப்பிட்டால், பயிற்சி பெற்ற சாதாரணமானவரை அந்தக் கெட்டிக்காரரின் பக்கத்தில் நிறுத்துகிறீர்கள். குலுக்கல் பாடுபட்டு உருவாக்கிய சமநிலையை உங்கள் கையாலேயே கலைத்துவிடுகிறீர்கள். காரணத்திலிருந்து விளைவுக்கு அம்பு போட்டுப் படம் வரைந்தால், இரண்டு காரணங்களின் அம்புகள் வந்து முட்டும் இத்தகைய மாறியைக் கொலைடர் என்பார்கள்.

இதில் தடுமாறியவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குள் பார்த்தால், புகைபிடித்த தாய்மாரின் குழந்தைகளே அதிகம் பிழைத்தன என்று 1971இல் புள்ளியியலாளர் ஜேக்கப் யெருஷால்மி எழுதினார். புகை குழந்தையைக் காக்கிறதா? இல்லை. எடை குறையப் புகையும் காரணமாகலாம், பிறவிக் குறைபாடும் காரணமாகலாம். தாய் புகைபிடிக்காமலே எடை குறைந்த குழந்தை என்றால், அதைவிடக் கொடிய காரணம் ஒன்று இருக்க வாய்ப்பு கூடுகிறது. எடையைக் கட்டுப்படுத்தியதுதான் அந்த மாயத் தோற்றத்தை உண்டாக்கியிருக்கலாம் என்பதை 2006இல் அம்புப் படம் வரைந்து விளக்கினார்கள்.

ஆனால் உங்கள் கேள்வி 'இவருடைய ஊதியம் எவ்வளவு இருக்கும்?' என்பதாக இருந்தால் நான் வேறு பதில் சொல்வேன். கணிப்புக்குப் பதவி உயர்வு அருமையான மாறி. கணிக்கும் நாளில் அது தெரிந்திருக்க வேண்டும், மாடல் பார்த்திராத தரவிலும் பிழை குறைய வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கெழுக்களைக் காரணமாக வாசிக்கும்போதுதான் ஆபத்து. நிமோனியா நோயாளிகளின் இறப்பைக் கணிக்க உருவாக்கிய ஒரு மாடல், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அபாயம் குறைவு என்று கற்றுக்கொண்டதை கணினி அறிவியலாளர் ரிச் கருவானா குழுவினர் 2015இல் எழுதினார்கள். ஆஸ்துமா இருந்தவர்களை நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியதால்தான் அவர்கள் பிழைத்தார்கள். அந்தத் தரவுக்குக் கணிப்பு சரி. அதை நம்பி ஆஸ்துமா நோயாளியை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் உயிரே போயிருக்கலாம். இந்த இரண்டு கேள்விகளையும் பிரிக்காமல் ரிக்ரெஷன் கற்பிப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

குலுக்கல் இல்லாத தரவு கைக்கு வரும்போது நிச்சயம் கட்டுப்பாட்டு மாறிகள் வேண்டும். பயிற்சியில் யார் சேர்கிறார் என்பதையும் ஊதியத்தையும் ஒருசேரத் தூண்டும் முன்னனுபவம், கல்வி போன்றவற்றை விடவே கூடாது. பயிற்சிக்குப் பின் நடந்தவற்றைச் சேர்க்காதீர்கள். முன்னால் நடந்ததெல்லாம் பாதுகாப்பானது என்றும் எண்ண வேண்டாம்: பயிற்சியில் சேர்வதை மட்டும் தூண்டி, ஊதியத்தைத் தொடாத மாறியைச் சேர்த்தால் மதிப்பீட்டின் துல்லியம் குறையும், அளக்காத காரணி ஒளிந்திருந்தால் பிழை பெருகவும் செய்யும். ஊதியத்தை மட்டும் பாதிக்கும் மாறி, குலுக்கல் நடந்த உங்கள் ஆய்வில் பணியில் சேரும் முன்பே பெற்ற கல்வியைப் போல, துல்லியத்தைக் கூட்டும். அதைத் தாராளமாகச் சேருங்கள். பி மதிப்பைப் (உண்மையில் விளைவே இல்லாவிட்டாலும் இத்தகைய முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) பார்த்தோ, மென்பொருள் தானாகப் பொறுக்கித் தருவதைப் பார்த்தோ இதை முடிவு செய்ய முடியாது. தரவைத் திறக்கும் முன் ஒரு தாளில் அம்புகளை வரையுங்கள்.

பரிசோதகர் கேட்பார் என்ற பயம் நெறியாளருக்கு இருந்தால், அந்தத் தாளையே ஆய்வேட்டின் மூன்றாம் பக்கத்தில் வையுங்கள். பதவி உயர்வைத் தனி அட்டவணையில், பயிற்சியின் இன்னொரு விளைவாகக் காட்டுங்கள். உங்கள் தரவில் மிகவும் சுவையான செய்தி அதுவாகக்கூட இருக்கலாம்.