அணு உலையே இல்லாத சின்ன நாட்டுக்குக் கதிர்வீச்சு அவசரத் திட்டம் எதற்கு?

ஓசூரில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். தினமும் யோசிக்கிற விஷயம் இது. உலை இல்லாவிட்டாலும் மருத்துவமனையில், ஆலையில், ரோடு போடும் இடத்தில் கதிரியக்க மூலங்கள், அதாவது கதிர்வீச்சை வெளியிடும் பொருள் அடைத்த கருவிப் பாகங்கள், உண்டு. கணக்கில் வராமல் தொலைந்தவைதான் ஆபத்து.

முன்பு சோவியத் ஒன்றியத்தில் இருந்த ஜார்ஜியா நாட்டையே பாருங்கள். அணுமின் நிலையம் கிடையாது. 2001 டிசம்பரில் லியா கிராமத்தார் மூவர் விறகுக்குக் காட்டுக்குப் போனார்கள். இரண்டு உலோக உருளைகள் கிடந்தன. சுற்றிலும் பனி உருகியிருந்தது. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று ராத்திரி பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். சில மணி நேரத்தில் வாந்தி. பிறகு முதுகெல்லாம் புண். ஒருவர் இறந்தே போனார். உருளைக்குள் இருந்தது சோவியத் காலத்து மின்னாக்கிகளின் ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள்; தானாகவே சூடாகும். சர்வதேச அணுசக்தி முகமை உதவியோடு 2002 பிப்ரவரியில்தான் அந்த உருளைகளை மீட்டார்கள்.

அதனால் சட்டம், ஒவ்வொரு மூலத்துக்கும் உரிமம், பதிவேடு, துறைமுகத்திலும் எல்லையிலும் கதிர்வீச்சு அளக்கும் கருவி, காயத்தைப் பார்த்ததுமே சந்தேகப்படத் தெரிந்த டாக்டர்கள், எல்லாம் வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் வைப்பேன். இலங்கை 2014 சட்டத்தில் இதற்கென்றே தனி ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கியது. இங்கே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 முதல் இருக்கிறது.

கடைக்கு வரும் பையன்களிடம் மூன்று இதழ் கொண்ட கதிர்வீச்சு எச்சரிக்கைச் சின்னத்தைக் காட்டியிருக்கிறேன். அளவுக்கு மீறிக் கனக்கும் ஈய டப்பா வந்தால் உடைக்காதே, தள்ளி நில், 112-க்குக் கூப்பிடு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.