கென்மேர் தெருப் பட்டறை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜாஸ் கிட்டார் பழகி வருகிறேன். ஜான் டி'ஏஞ்சலிகோ கையால் செய்த பழைய கிட்டார்களைப் பற்றி வாசித்தேன். பிள்ளைகள் இல்லாததால் 1964-இல் அவரோடு அந்தக் கலையும் முடிந்துவிட்டது அல்லவா? கைத்தொழில் ரத்தத்தில் வர வேண்டும். இன்று அதே பெயரில் விற்கும் கிட்டாரை வாங்கலாமா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

கடையில் வாசித்துப் பாருங்கள், கைக்கும் காதுக்கும் பிடித்தால் வாங்குங்கள். ஆனால் ரத்தம் என்று எழுதினீர்களே, அதை விட முடியாது.

ஜான் 9 வயதில், தாத்தா முறையுள்ள ஒருவரிடம் வயலினும் மாண்டலினும் செய்யக் கற்றார். 1932-இல் நியூயார்க்கின் கென்மேர் தெருவில் சொந்தப் பட்டறை. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரப் பலகையை வயலினுக்குச் செதுக்குவதுபோலவே நடு மேடாக வளையும்படி செதுக்குவார். வாழ்நாளில் செய்தது 1164 கிட்டார்கள். சரி, இதுவரை உங்கள் கணக்கு பொருந்துகிறது.

அப்புறம் 1952-இல் 17 வயதுப் பையன் ஒருவன் வருகிறான், ஜிம்மி டி'அக்விஸ்டோ. சொந்தமில்லை, பந்தமில்லை. கூட்டிப் பெருக்கி, எடுபிடி வேலை பார்த்துக் கற்றான். 1959-இல் ஜான் கடையை மூடியபோது அழுது மன்றாடித் திறக்கவைத்தவன் அவன். ஜான் பாதியில் விட்டுப்போன கிட்டார்களை முடித்தவனும் அவன்தான். இவன் வாரிசு இல்லையா? பிள்ளை இருந்திருந்தால் மட்டும் உளி பிடித்திருப்பானா? யோசிக்காமல் எழுதிவிட்டீர்கள்.

2011-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருவர் கிட்டார்களையும் பார்த்தேன். ஜிம்மி முதலில் செய்தவை அப்படியே குருவின் வார்ப்பு. கடைசிக் காலத்தில் அலங்காரத்தை எல்லாம் உதிர்த்துவிட்டார். கம்பிகளைப் பிடித்திருக்கும் உலோகத் துண்டுகூடப் போய், அந்த இடத்தில் கருங்காலி. குருவை முழுசாகக் கற்றவனுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும். கண்ணாடிப் பெட்டியை விட்டு நகர மனமில்லாமல் நின்றேன்.

என் அப்பா தையற்காரர். நான் ஊசியைத் தொட்டதில்லை. காஜா எடுக்க வந்த பக்கத்துத் தெருப் பையன்தான் தொழிலைக் கற்றான். அப்பா போய்ப் பல வருடமாகிறது. போன மாதம் அவன் கடையில் உட்கார்ந்திருந்தேன். காலரைத் தைத்துத் திருப்பி, முனையைக் கட்டைவிரல் நகத்தால் இரண்டு முறை நீவினான். அப்பாவும் இரண்டு முறைதான் நீவுவார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நீங்கள் யாரிடம் கிட்டார் பழகுகிறீர்கள் என்று எழுதவே இல்லையே, தம்பி. அடுத்த கடிதத்தில் அவரைப் பற்றி எழுதுங்கள்.