கண்ணுக்குப் புனல், குழந்தைக்குத் துடைப்பம்

கேள்வி: வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய வித்தியாசமான, பயனுள்ள கண்டுபிடிப்புகள் நாலைந்து சொல்லுங்களேன்? (வாசகர், மன்னார்குடி)

பதில்: நன்றாகத்தான் ஆரம்பித்தீர்கள். நடுவில் 'பயனுள்ள' என்று ஒன்றைச் செருகிக் காரியத்தைக் கெடுத்துவிட்டீர்கள். பயனுள்ளதுதான் வேண்டுமென்றால் பாத்திரக் கடைக்குப் போங்கள். தேங்காய்த் துருவியை மிஞ்சிய சரக்கு என்னிடம் இல்லை.

ஜப்பானில் கென்ஜி கவாகாமி என்று ஒருவர். 1980களில் தபால்வழி விற்பனைக்கான பத்திரிகை ஒன்றுக்கு ஆசிரியர். இதழின் கடைசியில் சில பக்கங்கள் காலியாகக் கிடந்தன. பக்கம் காலியாகக் கிடந்தால் ஆசிரியர்கள் என்ன செய்வோம் என்பது தொழில் ரகசியம். முதலில் நடிகை படத்தைப் பெரிதாக்குவோம். அப்புறம் பழைய ஜோக்குக்குப் புதுப்படம் வரையச் சொல்வோம். அதற்கும் நிரம்பவில்லை என்றால் கேள்வி-பதில். இந்த வாரம் ஓர் ஊறுகாய் விளம்பரம் வராமல் போனதால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமான பதில் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கவாகாமிக்கு மன்னார்குடியில் வாசகர் இல்லை. எனவே, யாரும் வாங்கவே முடியாத பொருட்களைத் தானே செய்து, படமெடுத்து அந்தப் பக்கங்களை நிரப்பினார். மூக்குக்கண்ணாடியின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு புனல். அண்ணாந்து பார்த்தால் சொட்டு மருந்து குறி தப்பாமல் கண்ணில் விழும். சாப்ஸ்டிக்கில் ஒரு குட்டி மின்விசிறி, நூடுல்ஸை ஆற்ற. சளி பிடித்தவர் தலையில் கிரீடமாக டாய்லெட் பேப்பர் உருளை. இழுத்து மூக்கைச் சிந்த வேண்டியதுதான். தவழும் குழந்தைக்கு, கையிலும் காலிலும் துடைப்பத் திரி தைத்த உடுப்பு.

இதற்கெல்லாம் 'சிந்தோகு' என்று பெயர் வைத்து, பத்து விதிகளும் எழுதினார்கள். பொருளை நிஜமாகவே செய்திருக்க வேண்டும்; காகிதத்தில் வரைந்ததெல்லாம் கணக்கில் வராது. ஆனால் நிஜமான உபயோகத்துக்கு வந்துவிடக் கூடாது. விற்கக் கூடாது. காப்புரிமை வாங்கக் கூடாது.

இந்நேரம் கோவை வாசகர்கள் பேனாவைத் திறந்திருப்பார்கள். இந்தப் பக்கத்தில் கண்டுபிடிப்பு என்று எழுதினாலே 'ஜி.டி. நாயுடுவை மறந்தீரோ?' என்று கடிதம் வரும். மறக்கவில்லை ஐயா. அவர் செய்தது மின்சார சவரக்கத்தி. அது முகத்தை ஒழுங்காக மழித்தது. ஆகவே இந்தப் போட்டியில் தகுதி நீக்கம்!

சிந்தோகு விதியை மோசமாக மீறிய ஆசாமி ஒன்று உண்டு. மினோல்டா கேமரா நிறுவனத்தில் ஹிரோஷி உவேடா என்ற பொறியாளர், பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு சிறுவனிடம் கேமராவைக் கொடுத்து, தன்னையும் மனைவியையும் படமெடுக்கச் சொன்னாராம். பையன் கேமராவோடு ஓட்டம் பிடித்தான். இனி யாரையும் கெஞ்சக் கூடாதென்று ஊர் திரும்பி, நீட்டி மடக்கும் குச்சி ஒன்றை உருவாக்கினார். 1983இல் கடைக்கு வந்தது, போணியாகவில்லை. 2003இல் காப்புரிமைக் காலமும் முடிந்துபோனது. இடையில் 1995இல் ஆங்கிலத்தில் வந்த சிந்தோகு தொகுப்பில் அதே மாதிரிக் குச்சி, கண் புனலுக்கும் துடைப்பக் குழந்தைக்கும் பங்காளியாக இடம்பெற்றது. உலகம் பார்த்துச் சிரித்தது. சிரித்த அதே உலகம்தான் பிறகு ஆளுக்கொரு செல்ஃபி குச்சியோடு கிளம்பி, லண்டன் தேசிய ஓவியக்கூடமும் வெர்சாய் அரண்மனையும் 2015இல் தடை போடும் அளவுக்குப் படுத்தியெடுத்தது.

கல்யாண வீடுகளில் அந்தத் தடை வராதா என்று நான் ஏங்குவது உங்களுக்குப் பழைய கதை. முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தாலும் தாலி கட்டுவதைப் பார்க்க முடிவதில்லை. தெரிவதெல்லாம் வீடியோக்காரரின் முதுகு, அதற்கு மேல் நாலு குச்சி. எந்தப் பெண்ணுக்கு யார் தாலி கட்டினார் என்பதையே ஆல்பம் வந்த பிறகுதான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. மன்னார்குடிக்காரரே, அட்சதைத் தட்டோடு ஆளுக்கொரு பெரிஸ்கோப் தருகிற ஏற்பாட்டை யோசியுங்கள். விற்காமல் இருந்தால் கவாகாமி கோஷ்டியில் சேர்த்துக்கொள்வார்கள்.

சரி, வீட்டில் செய்து பார்க்கத்தானே கேட்டீர்கள்? துடைப்பக் குழந்தை சுலபம். பழைய பனியன் துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, முழங்கையிலும் முழங்காலிலும் வரிசையாகத் தைத்தால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குழந்தை அந்தத் துணியை வாயில் வைக்காமல் விடாது. அதனால் கீழே விடுவதற்கு முன்னால் தரையை நன்றாக ஒருமுறை துடைத்துவிடுங்கள்.