குட்டி மலைக்குப் போகலாமா?

கேள்வி: பெரிய சிகரங்களுக்கு எதிரே ஒரு குட்டி மலை. நடை தூரம் 4 கிலோமீட்டர், ஏற்றம் 500 மீட்டர். வரைபடத்தில் பெயர்கூட இல்லை, உயரம் மட்டும் போட்டிருக்கிறது. ‘அங்கே போய் என்னத்தைப் பார்க்கப் போகிறாய்?’ என்கிறார்கள் நண்பர்கள். போகலாமா? எவ்வளவு நேரம் ஆகும்?

பதில்: தாராளமாகப் போங்கள். பெரிய சிகரத்தின் உச்சியில் நின்றால் கண்ணுக்குத் தெரியாத மலை எது என்று அந்த நண்பர்களைக் கேளுங்கள். அந்தச் சிகரமேதான்! சுற்றியிருப்பதெல்லாம் காலுக்குக் கீழே தட்டையாகப் படுத்துவிடும். எதிரே ஒரு மேட்டில் உட்கார்ந்தால்தான் பெரியவர் அடி முதல் முடி வரை தரிசனம் தருவார். ஓடை அறுத்த பள்ளம், பாறைச் சரிவு, அதன்மேல் ஊர்ந்து போகும் மேக நிழல் எல்லாம் தெரியும்.

மழை ஓய்ந்த மறுநாள் காலையில் போனால் விசேஷம். சமவெளிக்கு மேல் 500 மீட்டரில் நிற்பவருக்குத் தொடுவானம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். தூசி கழுவப்பட்ட காற்றில்தான் அந்தத் தூரம் கைக்கு எட்டும். நடுப்பகலில் மலைகள் வெட்டி ஒட்டிய காகிதம் மாதிரி இருக்கும். சாய்ந்த வெயிலில்தான் மடிப்புகள் எழுந்து வரும்.

நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்னது: 3 மைலுக்கு 1 மணி, 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. உங்கள் மலைக்கு ஒன்றே முக்கால் மணிக்குள் வரும். ஆனால் அது பாதை உள்ள மலைக்கு, அதுவும் உட்காராமல் நடப்பவருக்கு. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் முழங்கால் உயரப் புல்லும் முள்ளும் நேரத்தைத் தின்றுவிடும். நான் இரண்டால் பெருக்கிக்கொள்வேன். இதற்கு மேல் ‘இதோ உச்சி’ என்று ஏறிப் பார்த்தால் பின்னால் இன்னொரு மேடு நிற்கும் கொடுமையும் உண்டு.

கேள்வி: மலையில் வழி தவறியிருக்கிறீர்களா?

பதில்: ஏறும்போது இல்லை, இறங்கும்போது. ஏறுகையில் எந்த முகட்டைப் பிடித்தாலும் உச்சியில்தான் கொண்டுவிடும். இறங்குகையில் அதே முகடுகள் நாலா பக்கமும் பிரியும். ஒரு தடவை மூடுபனியில், ஒரு கல்குவியலைப் பார்த்து ‘இதுதான் வழி’ என்று நம்பி இறங்கினேன். மேலிருந்து சாதுவாகத் தெரிந்த சரிவு, பாதியில் செங்குத்தாக மடிந்தது. வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் உயரக்கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து என்று அர்த்தம். அவை அடியில் நெருங்கியே இருந்தன, நான்தான் பார்க்கவில்லை. திரும்ப உச்சிக்கே ஏறி, வேறு பக்கம் இறங்கி, டார்ச் வெளிச்சத்தில் வீடு சேர்ந்தேன்.

இப்போதெல்லாம் ஏறும்போதே அடிக்கடி திரும்பி, இறங்கும்போது வழி எப்படித் தெரியும் என்று பார்த்துக்கொள்கிறேன். உச்சியை விட்டு முதல் அடி வைக்குமுன் திசைகாட்டியை எடுக்கிறேன். யாரும் வராத மலை என்பதால், எந்த மலை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் எழுதி வைக்கிறேன். கழுத்தில் ஒரு விசில். நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதினால் ‘ஆபத்து’ என்று பொருள். மூன்று முறை பதில் வந்தால் கேட்டுவிட்டார்கள்.

கேள்வி: உச்சியில் ஞாபகார்த்தமாகக் கல் அடுக்கிவிட்டு வரலாமா?

பதில்: மேலே இருக்கும் இரண்டாவது பதிலைப் படியுங்கள். அந்தக் குவியலை யாரோ பொழுதுபோகாமல் அடுக்கியிருந்தார்கள்.