டாலஸ் பல்கலையில் ஹோமர் எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் அர்விங்கில் இருக்கும் அண்ணன் மகள், டாலஸ் பல்கலைக்கழகத்தில் உயிரியல் சேரப்போகிறாள். அடுத்து மருத்துவம். அங்கே எல்லோருக்கும் பழைய கிரேக்கக் கவி ஹோமர் கட்டாயமாம், கிறிஸ்தவ இறையியலும் உண்டாம். மதப் பள்ளிக்கூடம் போல இருக்குமோ என்று வீட்டில் தயக்கம்.

ச., மதுரை

அன்புள்ள ச.,

முதலில் பெயரைச் சரிபாருங்கள். ரிச்சர்ட்சனில் இருக்கும் டெக்சாஸ் அரசுப் பல்கலையின் டாலஸ் வளாகம் வேறு, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். நீங்கள் சொல்வது 1956ல் 96 மாணவர்களோடு தொடங்கிய கத்தோலிக்கப் பல்கலை.

சேசு சபைக் கல்லூரிகளைப் போல அது ஒரே துறவு சபையின் கையில் இருந்ததில்லை. மறைமாவட்டம் ஆதரவு தந்தது. நாமூர் புனித மரி சகோதரிகளும், கம்யூனிஸ்ட் ஹங்கேரியிலிருந்து வெளியேறிய சிஸ்டர்சியன் துறவிகளும் தொடக்ககாலத்தில் பாடம் நடத்தினார்கள். ஆனால் அதற்கு இன்றுள்ள முகத்தைக் கொடுத்தவர்கள் துறவிகள் அல்ல, ஒரு தம்பதி. 1962 முதல் 1977 வரை தலைவராக இருந்த டொனால்ட் கோவன் இயற்பியலாளர். மனைவி லூயிஸ் கோவன் இலக்கியப் பேராசிரியர். எந்தத் துறையில் சேர்ந்தாலும் ஒரே நூல்களை ஒரே வரிசையில் படிக்கவேண்டும் என்ற ஏற்பாடு அவர்கள் காலத்தில் வேரூன்றியது. பட்டத்துக்கான கிரெடிட்டில் ஏறத்தாழ பாதி இந்தப் பொதுப்பாடங்களுக்கே போய்விடும். இலக்கியம் மட்டும் நான்கு தாள்: ஹோமர், வெர்ஜில் தொடங்கிக் காவியம், அடுத்து தாந்தேயும் கவிதையும், பிறகு நாடகம், கடைசியில் நாவல். தத்துவம் மூன்று, வரலாறு நான்கு. நீங்கள் பயப்படும் இறையியல் இரண்டே தாள்தான். அவற்றில் ஒன்று விவிலிய வாசிப்பு. நம்பிக்கைக்கு மதிப்பெண் கிடையாது, வாசிப்புக்கும் கட்டுரைக்கும்தான். ஆனாலும் வளாகத்தின் சூழல் அழுத்தமாகக் கத்தோலிக்கமானது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

என் கவலை வேறு. 1970 முதல் அங்கே ரோம் பருவம் என்று ஒன்று உண்டு. பெரும்பாலோர் இரண்டாம் ஆண்டில் ஒரு பருவம் இத்தாலிக்குப் போவார்கள். 1994லிருந்து ரோமுக்கு வெளியே தூவே சாந்தி என்ற இடத்தில் சொந்த வளாகம், திராட்சைத் தோட்டத்தோடு. அங்கே படிப்பதும் பொதுப்பாடம்தான். இலக்கியம், தத்துவம், ரோமின் கலையும் கட்டடங்களும், நடுவே கிரீஸ் பயணம். அறிவியல் ஆய்வகம் மட்டும் கிடையாது. மருத்துவம் நோக்கிப் போகிறவர்கள் இடறுவது இங்கேதான். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டு பருவம் தொடர்ந்து போகும் பாடம். நடுவில் ரோம் வந்தால் அது மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளும், அதோடு மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வான எம்கேட்டும் தள்ளும். நான்காம் ஆண்டு தொடங்கும்போதே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க நினைப்பவளுக்கு ஓராண்டு போய்விடலாம்.

ஆகவே சேர்ந்த முதல் வாரமே ஆலோசகரோடு உட்கார்ந்து எட்டுப் பருவத்துக்கும் கட்டம் போட்டுக்கொள்ளட்டும். முதல் பருவத்திலேயே வேதியியல் தொடங்கவேண்டும். முதல் இரண்டு இலக்கியத் தாள்களையும் முதலாண்டில் முடிக்கவேண்டும். ரோமில் நாடகத் தாள் அதன் தொடர்ச்சியாக வரும். ரோமை விட்டுவிடலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். நான் அதைச் சொல்லமாட்டேன். அந்தப் பருவம் வேண்டாமென்றால், அதைவிடக் குறைந்த கட்டணத்தில் உயிரியல் சொல்லித்தரும் அரசுப் பல்கலைகள் டெக்சாஸில் நிறைய உண்டு.